பன்னிரண்டு வீட்டுப் பெட்டி

பத்து நாளைக்கு முன் வானகரத்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குப் புது சூட்கேஸ் ஒன்று வந்து இறங்கியது. ஏற்கெனவே ஆறு இருக்கிறது. நாங்கள் இருவரும் போனால் பட்டாபிராமில் மகள் வீட்டுக்குப் போவோம். அதற்கு ஒரு மஞ்சள் பை போதும். "சக்கரம் நாலு பக்கமும் சுத்துதாம், பாதி விலைங்க" என்றாள் மனைவி. அவளைக் குறை சொல்வானேன்? செல்போனில் பட்டனை அழுத்தியது நான்தான்.

திறந்தால் பிளாஸ்டிக் வாசனை. எனக்குத் தெரிந்த சூட்கேஸ் வாசனை அந்துருண்டை வாசனைதான். ஆவடியில் அப்பா வேலை பார்த்த ஃபாக்டரி குவார்ட்டர்ஸில், எங்கள் வரிசையின் பன்னிரண்டு வீட்டுக்கும் உருப்படியான சூட்கேஸ் ஒன்றே ஒன்று. ஆரோக்கியசாமி மாமாவுடையது. வேளாங்கண்ணிக்கும் அதுதான் போகும், பழநிக்கும் அதுதான் போகும். திருப்பித் தரும்போது போன ஊர்ப் பண்டம் ஒரு பொட்டலமாவது உள்ளே இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

எனக்குப் பெண் பார்க்கத் திருச்சிக்குப் போனபோதும் அதே பெட்டிதான். முந்தின வாரம் பக்கத்து வீட்டு சேகர் அதைத் தூக்கிக்கொண்டு வேலூருக்குப் பெண் பார்க்கப் போயிருந்தான். என்னை ஏற்கெனவே மூன்று இடத்தில் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். இதுவும் போனால் அம்மா படுத்துவிடுவாள் என்று எனக்கு ஒரே பயம்.

எல்லோர் முன்னாலும் அம்மா பூ பழம் எடுக்கப் பெட்டியைத் திறந்தாள். மூடியில் இருந்த பையிலிருந்து ஒரு போட்டோ நழுவிப் பெண்ணின் அம்மா காலடியில் விழுந்தது. சேகர்! சுருட்டை முடி, கூலிங் கிளாஸ்.

"யாருங்க இந்தத் தம்பி?" அந்த அம்மாள் கேட்ட ஆர்வம் எனக்குப் பிடிக்கவேயில்லை. கதவுக்குப் பின்னால் களுக்கென்று பெண் சிரித்தாள். நான் அந்தப் பெட்டிக்குள்ளேயே படுத்து மூடிக்கொள்ளலாமா என்று யோசித்தேன்.

அம்மாவுக்குப் பொய் வராது. "பக்கத்து வீட்டுப் பையன். இது இரவல் பெட்டிங்க. பன்னெண்டு வீட்டுக்கும் இது ஒண்ணுதான்" என்று போட்டு உடைத்துவிட்டாள். சரி, நாலாவதும் போச்சு என்று எழுந்திருக்கத் தயாரானேன்.

அந்த அம்மாள் போட்டோவை அம்மாவிடம் நீட்டினார். "கேட்டா குடுக்க அத்தனை வீடு இருக்குல்ல? நாளைக்கு என் பொண்ணு தனியா நிக்க மாட்டா. அது போதுங்க."

ஊர் திரும்பியதும் சேகர் பிடித்துக்கொண்டான். "இன்னா மாமே, என் போட்டோவ காட்டித்தானே பொண்ணு வாங்கிகினு வந்தே!"

அந்த வரிசை கலைந்து வெகுகாலமாகிறது. போன வாரம், புது சூட்கேஸை ஏற்றி வைக்கப் பரணை ஒழிக்க ஏணி வேண்டியிருந்தது. எதிர் வீட்டு மணியை அழுத்தினேன். அவர் ரொம்ப மரியாதையான மனிதர். "எதுக்கு சார் கஷ்டம்? ஆர்டர் போட்டா நாளைக்கே வந்துரும்" என்று என் செல்போனை வாங்கி அவரே போட்டும் கொடுத்தார்.

ஏணி வந்துவிட்டது. எல்லோர் கண்ணிலும் படும்படி வாசலிலேயே சாய்த்து வைத்திருக்கிறேன். எடுத்துக் கொடுக்க எனக்குக் கை பரபரக்கிறது. இந்த மாடியில் எட்டு வீடு. இதுவரை ஒருவரும் கேட்டு வரவில்லை.