துளசி மாடத்து எர்த் கம்பி

நடந்ததைச் சொல்லுமுன், அக்காலத்தில் என் நிலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் சென்னையில் கல்லூரியில் பயின்று, பௌதிகத்தில் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றவன். அறுபதுகளின் நடுவில் திருவள்ளூரில் உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் ஆசிரியனாக இருந்தேன். ஊரில் வால்வு ரேடியோ வைத்திருந்த வீடுகள் அதிகமில்லை. இருந்தவற்றில் பெரும்பாலானவற்றின் பின்பலகையை நான் கழற்றியிருக்கிறேன். கடைக்காரனை அழைப்பதுபோல் என்னை யாரும் அழைத்ததில்லை. ஆளனுப்பி வரவழைத்து, உட்காரவைத்து, காபி தந்த பின்பே ரேடியோவின் பக்கம் கையைக் காட்டுவார்கள். நான் தொட்ட பெட்டி மறுபடி பழுதாவதில்லை என்று ஒரு பேச்சு இருந்தது. அதை நான் மறுத்ததில்லை.

பெருமாள் கோயில் அர்ச்சகர் ஒருவர் வீட்டு ரேடியோவை அமைத்துக் கொடுத்தவனும் நானே. மின்சாரத்தை மண்ணில் இறக்கும் எர்த் கம்பியை முற்றத்துத் துளசி மாடத்தின் அடியில் புதைத்திருந்தேன். வீட்டு அம்மாள் நாள் தவறாமல் நீர் வார்க்கும் இடமாதலால் மண் காய்வதே இல்லை. ஈரம் நிற்பதற்காக வழக்கமாக இடும் உப்பும் கரியும் இல்லாமலே நல்ல எர்த் கிடைத்தது. இந்த யோசனையைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு பங்குனியில் அர்ச்சகரின் பங்காளி வெளியூரில் காலமானார். பத்து நாள் தீட்டு. அர்ச்சகர் சன்னிதிக்குப் போகக் கூடாது. வீட்டில் பாட்டுக் கேட்கக் கூடாது. செய்தி கேட்கத் தடையில்லை என்று அவரே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். தினமும் மாலை ஏழேகால் செய்திக்கு மட்டும் திருப்பும் ரேடியோவே துணையாயிற்று. எட்டாம் நாள் செய்தி முடிந்ததும் எனக்கு ஆள் வந்தது. செய்தி வாசிப்பவரின் குரலுக்கு அடியில் வண்டு உறுமுவதுபோல் ஒரு சத்தம்.

மின்சாரத்தைச் சீராக்கும் கண்டன்சர் உலர்ந்துவிட்டது என்று பெட்டியைத் திறக்காமலே சொன்னேன். மணைமேல் அமர்ந்து அதை மாற்றினேன். உறுமல் குறையவில்லை. ரெக்டிஃபையர் வால்வை மாற்றினேன். அப்போதும் குறையவில்லை. அர்ச்சகர் பெட்டியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். அப்போது அடுக்களை வாசலிலிருந்து அம்மாள் சொன்னார்:

"ஸ்டேஷன் வெச்சாத்தான் சார் இரையறது. நடுவுல முள்ளு நிக்கறச்சே சத்தமே இல்லையே."

அந்த ஒரு வாக்கியத்தில் விடை முழுவதும் இருந்தது. சீராக்கும் பகுதியில் பழுதென்றால் முள் எங்கே நின்றாலும் உறுமும். எர்த்தில் குறையென்றால்தான் நிலையம் பிடிபடும்போது மட்டும் உறுமும். நானோ பழுது சீராக்கும் பகுதியில் இல்லை என்ற பாதியை மட்டுமே எடுத்துக்கொண்டேன். இவ்வகை உறுமலுக்கு மின்கம்பிக்கும் பெட்டியின் இரும்புத் தட்டுக்கும் இடையே ஒரு கண்டன்சர் போடலாம் என்று படித்த நினைவு வந்தது. பழைய ராணுவ ரேடியோ ஒன்றிலிருந்து கழற்றிய கண்டன்சர் பையில் இருந்தது. போட்டேன். உறுமல் பெருமளவு தணிந்தது.

"சார் கை பட்டாச்சு, இனிமே என்ன" என்றார் அர்ச்சகர்.

புறப்படும்போது துளசி வாடியிருந்ததைக் கவனித்துக் கேட்டேன். தீட்டாதலால் தாங்கள் தொடுவதில்லை என்றும், எதிர்வீட்டுப் பெண் வந்து ஒரு சொம்பு விடுவாள், அவளும் இரண்டு நாளாக ஊரில் இல்லை என்றும் அம்மாள் சொன்னார். "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். என் காதில் அர்ச்சகர் சொன்னதே ஒலித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் கவரைப்பேட்டைக்கு அருகே ஒரு பள்ளியில் எனக்குத் தேர்வு மேற்பார்வை. பிற்பகல் அறிவியல் தாள். வினாத்தாளைக் கொடுத்துவிட்டு, எஞ்சிய ஒன்றை எடுத்துப் படித்தேன். இடிதாங்கியின் அடித்தகட்டை ஈரமண்ணில் புதைப்பது ஏன் என்று ஒரு வினா. படித்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

துளசி மாடத்து மண் காய்ந்துவிட்டது, எர்த் இல்லை. பழைய கண்டன்சர் மின்சாரத்தைக் கசியவிடும். கசிந்த மின்சாரம் மண்ணுக்குள் போக வழியில்லாதபோது பெட்டியின் இரும்பில் நிற்கும். அந்த ரேடியோவின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் உடைந்து, வெறும் இரும்புத் தண்டைத்தான் அவர்கள் திருகிவந்தார்கள். மரமணைமேல் அமர்ந்திருந்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மாளோ குளித்த ஈரக்காலுடன் கல்தரையில் நிற்பவர். முப்பது மாணவர்கள் குனிந்து சரியான விடையை எழுதிக்கொண்டிருக்க, நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடைத்தாள்களை ஒப்படைக்கத் தலைமையாசிரியர் அறைக்குப் போனபோது மேசைமேல் தொலைபேசி இருந்தது. எங்கள் பள்ளிக்குச் சொன்னால் பியூன் ஐந்து நிமிடத்தில் அர்ச்சகர் வீட்டை அடைந்துவிடுவான். ஆனால் நான் பழுதுபார்த்த ரேடியோவைத் தொடவேண்டாம் என்று நானே சொல்லியனுப்ப வேண்டும். மறுநாள் ஆசிரியர் அறை முழுவதும் அதையே பேசும். ஏழேகால் செய்திக்கு முன் போய்விடலாம் என்று கணக்கிட்டேன். தொலைபேசியைத் தொடவில்லை.

வழியில், பெரியபாளையத்துக்கு முந்திய ஆரணியில் பஸ் நின்றுவிட்டது.

"டயர் பூட்ச்சி சார். ஸ்டெப்னியிலயும் காத்து இல்ல. பெரியபாளையத்துலேர்ந்து ஆளு வந்துக்கினு கீறான்" என்றார் கண்டக்டர்.

தொலைபேசியைத் தேடித் தபாலாபீசுக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. திரும்பி வந்து பஸ்ஸைச் சுற்றி நடந்தேன். கூடை வைத்திருந்த ஒரு மூதாட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சாரு, ஊட்ல பிரசவமா? நிக்க மாட்டாம சுத்திக்கினு கீறீங்க."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

திருவள்ளூரில் இறங்கியபோது ஏழேகால் ஆகியிருந்தது. வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடினேன். நான் ஓடி அத்தெரு அதற்குமுன் கண்டதில்லை. பாதித் தெருவிலேயே செய்தி கேட்டது. அந்தக் குரலைக் கேட்டு அவ்வளவு அஞ்சியது அன்றுதான். உள்ளே நுழைந்தபோது அம்மாள் வலக்கையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அர்ச்சகர் தண்டை நோக்கிக் கையை நீட்டியிருந்தார். நான் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினேன்.

"யாரோ கையைப் பிடிச்சு இழுத்தாப்பல இருந்தது சார்" என்றார் அம்மாள்.

"அவ எல்லாத்துக்கும் பயப்படுவா" என்றார் அர்ச்சகர்.

"பயப்பட வேண்டியதுதான். தவறு என்னுடையது" என்றேன். அச்சொற்களை அதற்குமுன் எந்த வீட்டிலும் நான் சொன்னதில்லை.

கண்டன்சரை வெட்டியெடுத்தேன். பிறகு கிணற்றடிக்குப் போய்க் குடத்தை எடுத்தேன். எனக்குத் தீட்டில்லை, துளசிக்கு நான் வார்க்கலாம். இரண்டு குடம் வார்த்தேன். மண் சத்தத்தோடு குடித்தது. பெட்டியை மறுபடி இணைத்துத் தண்டைப் புறங்கையால் நானே தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நிலையத்தை வைத்தேன். செய்தியின் கடைசி வரிகள் தெளிவாகக் கேட்டன.

"தொளசி வாடியிருக்குன்னு நேத்திக்கே கேட்டேளே. அப்பவே நீங்க ஒரு குடம் விட்டிருந்தா, ரேடியோவும் சரியாப் போயிருக்கும், எனக்கும் கை தப்பிச்சிருக்கும்" என்றார் அம்மாள்.

இதைப் பற்றி இரண்டு செய்திகள் ஊரில் நிலைத்துவிட்டன. தீட்டு வீட்டில் ரேடியோ கேட்டதால் அது உறுமிற்று, பத்தாம் நாள் தீட்டுக் கழிந்ததும் தானே தெளிந்தது என்று அந்தத் தெருவில் சொல்வார்கள். மின்சாரம் தாக்கி அம்மாள் மயங்கி விழுந்தார் என்று எங்கள் பள்ளியில் சொன்னார்கள். இரண்டும் தவறு. ரேடியோ தெளிந்தது ஒன்பதாம் நாள் மாலை. அம்மாள் மயங்கவில்லை. கண்டன்சரைப் போட்டவனும் தண்ணீர் வார்த்தவனும் நான்.