பாவின் மேல் விழுந்த பவுடர்

தெருவின் இரண்டு ஓரமும் ப்ளீச்சிங் பவுடரை வெள்ளைக் கோடாகப் போட்டுவிட்டால் தெரு சுத்தம். நகராட்சியில் சானிடரி இன்ஸ்பெக்டராகச் சேர்ந்த முதல் வருஷமே இதைக் கற்றுக்கொண்டேன். மந்திரி வந்தாலும் கோடு, கருடசேவைக்கும் கோடு. பக்கத்திலேயே கால்வாய் நாறிக்கொண்டிருக்கும், அதை யாரும் குனிந்து பார்க்க மாட்டார்கள். இன்றைக்கு வேலைக்கு வருகிற பிள்ளைகளும் அதையேதான் செய்கிறார்கள். பார்த்தால் வயிறு எரிகிறது. அதனால் எழுதுகிறேன்.

எழுபத்தொன்றில் நடந்த சண்டைக்கு மறு வருஷம், ஊரில் இருக்கிற முன்னாள் ராணுவத்தாருக்குச் சால்வை போடுவது என்று கவுன்சிலில் தீர்மானம் ஆயிற்று. மூன்று பேர். அதில் பட்டுத் தறி நெய்கிற ஏகாம்பரத்தை எனக்கு முன்பே தெரியும். பட்டாளத்தில் குண்டுச் சத்தத்தில் இடது காது போய், ஊருக்குத் திரும்பித் தறியில் உட்கார்ந்தவர். அவரை நான் அறிந்தது பட்டாளக்காரராக இல்லை, மனுக்காரராக. வீட்டு வாசல் கால்வாய் அடைத்துக்கொண்டது, சாயத் தண்ணீர் தேங்கிக் கொசு மொய்க்கிறது என்று மூன்று வருஷத்தில் மூன்று மனு கொடுத்திருந்தார். மூன்றுக்கும் "நடவடிக்கையில் உள்ளது" என்று பதில் எழுதியவன் நான். அந்தத் தெருவுக்குள் போய்ப் பார்த்ததுகூட இல்லை.

சேர்மன் மேளதாளத்தோடு வீடு வீடாகப் போய் மூன்று பேரையும் அழைத்து வருவதாக ஏற்பாடு. அதற்கு முந்தைய நாள் கமிஷனர் கூப்பிட்டு, அந்தத் தெரு எப்படி இருக்கிறது என்று கேட்டார். கால்வாய் அடைத்திருக்கிறது என்றேன்.

"வெட்டறதுக்கெல்லாம் நேரம் இல்லய்யா. பவுடரைத் தாராளமா போடு."

மேஸ்திரி கன்னியப்பனிடம் அதையே சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"காலைல தெருவுல பாவு நீட்டுவாங்க சார். பட்டு சார் அது."

பாவு என்றால் தறியில் ஏற்றப்போகிற நீள நூல். மூன்று புடவைக்கான பட்டு நூலை விடிந்ததும் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் காயவைத்துச் சுருட்டுவார்கள்.

"சால்வை போடற அன்னிக்கு எவன்யா பாவு நீட்டுவான்? போய்ப் போடு" என்றேன். நாளைக்குப் பாவு போடாதீர்கள் என்று அந்தத் தெருவில் ஒரு ஆளை விட்டுச் சொல்லியிருக்கலாம். அது என் வேலை. நான் செய்யவில்லை.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு சைக்கிளில் போனேன். கோடு பளிச்சென்று இருந்தது. இரண்டு கோட்டுக்கும் நடுவில் அரக்குச் சிவப்பில் ஏகாம்பரத்தின் பாவு, கஞ்சி ஈரத்தோடு. கல்யாணப் புடவைக்கான பாவு, நாள் தள்ள முடியாது. பத்து மணி விழாவுக்குள் சுருட்டிவிடலாம் என்று நீட்டியிருக்கிறார்.

எடுத்துவிடச் சொல்ல நான் சைக்கிளை நிறுத்துவதற்குள் கமிஷனரின் ஜீப் திரும்பியது. பாவைப் பார்த்ததும் டிரைவர் பிரேக் போட்டு, ஓரமாகவே வேகமாக ரிவர்ஸ் எடுத்தான். சக்கரம் கோட்டில் ஏறியது. பவுடர் புகை மாதிரி கிளம்பி, நிதானமாக ஈரப் பாவின் மேல் இறங்கியது. கமிஷனர் இறங்கவில்லை. ஜீப் போய்விட்டது.

ஏகாம்பரத்தின் மனைவி பச்சையம்மா குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்கு ஓடினார். அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு குடம் ஊற்றினார்கள். நானும் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற, சிவப்பில் புளியங்கொட்டை அளவுக்கு வெளுத்த புள்ளிகள் தெரிந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிதாயின. ஏகாம்பரம் ஒரு இழையை விரலில் சுற்றி இழுத்தார். அறுந்தது.

ஏகாம்பரம் கூலிக்கு நெய்பவர், நூல் ஐயம்பேட்டை முதலாளியுடையது. பாவைக் கெடுத்தவன் என்று பேர் வந்தால் அவர் அடுத்த பாவு தர மாட்டார், வேறு யாரும் தர மாட்டார்கள், தறி காலியாகக் கிடக்கும். ஏகாம்பரம் இதையெல்லாம் சத்தம் போடாமல் சொன்னார். பிறகு கேட்டார்.

"எழுதிக் குடுங்க சார். பவுடர் உங்களுதுன்னு. நான் சொன்னா அவரு நம்ப மாட்டாரு."

என் பிரமோஷன் ஃபைல் கமிஷனர் மேசையில் இருந்தது. விழா முடியட்டும், பார்க்கலாம் என்றேன்.

பச்சையம்மா குடத்தைக் கீழே வைத்தார். "மூணு மனுவுக்கு எழுதினீங்களே சார், அப்ப கை வலிக்கலியா?"

ஒன்பது மணிக்குள் பாவைச் சுருட்டி உள்ளே போட்டுவிட்டார்கள். மேளம் வந்தது, சேர்மன் வந்தார், ஏகாம்பரத்தை அழைத்துப் போனார். விழா நகராட்சி ஆபீஸ் வாசலில், பந்தல் போட்டு. நான் மேடைக்குப் பின்னால் நின்றேன். ஏகாம்பரம் மைக்கில் என் பேரைச் சொன்னால் தீர்ந்தேன். ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

சால்வை போட்டார்கள். நன்றி சொல்லுவதற்கு கமிஷனர் எழுதித் தந்த தாளை ஏகாம்பரம் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"சால்வைக்கு சந்தோஷம். எங்க தெரு கால்வா மூணு வருசமா அடைச்சிக்கினு இருக்குது. அத வெட்டிக் குடுங்க. பவுடர் வாணாம்."

உட்கார்ந்துவிட்டார். காலையில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜனங்கள் கை தட்டினார்கள். வெட்டிவிடுகிறோம் என்று சேர்மன் மைக்கிலேயே சொல்ல வேண்டியதாயிற்று. கமிஷனர் திரும்பி என்னைப் பார்த்தார்.

கூட்டம் கலைந்ததும் ஏகாம்பரம் சால்வையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். வலது காதைத் திருப்பி நின்றார்.

"எழுதிட்டீங்களா சார்?"

கையில் இருந்தது விழா நோட்டீஸ்தான். அவர் பேர் அச்சடித்த நோட்டீஸ். அதன் பின்பக்கம் எழுதினேன்: இந்தப் பாவு கெட்டதற்கு நகராட்சி போட்ட ப்ளீச்சிங் பவுடர் காரணம், போடச் சொன்னது நான், நெய்பவர் மேல் தவறு இல்லை. கையெழுத்துப் போட்டு நீட்டினேன். வாங்கவில்லை.

"முத்திரை?"

உள்ளே போனோம். முத்திரை குத்தினேன். மை காயும் வரைக்கும் ஊதிவிட்டு, ஐயம்பேட்டை பஸ் பிடிக்கப் போனார்.

முதலாளி இரண்டு பக்கமும் படித்தாராம். அடுத்த வாரம் புதுப் பாவு கொடுத்தார். எனக்கு மெமோ வந்தது, அனுமதி இல்லாமல் அலுவலகத்துக்குப் பாதகமாகக் கடிதம் கொடுத்ததற்கு. பிரமோஷன் நான்கு வருஷம் தள்ளிப்போயிற்று. ஜீப் ஓட்டினவனுக்கும் ஒன்றும் இல்லை, ஜீப்பில் உட்கார்ந்திருந்தவருக்கும் ஒன்றும் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. என் மேல் இருக்கிற கோபமும் ஆறவில்லை.

கால்வாயை வெட்ட ஆறு ஆள், ஒன்றரை நாள் ஆயிற்று. மூன்று வருஷமாக "நடவடிக்கையில்" இருந்த வேலை அவ்வளவுதான்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லுகிறேன். முதலில் கால்வாயை வெட்டு, பிறகு பவுடர் போடு. வெட்டவில்லை என்றால், வெட்டவில்லை என்று எழுது.