காரணம் என்ற கட்டத்தில் நான் எழுதியது

வாசகசாலைத் தோழிகளே, மாலையில் நடந்ததை இன்றே எழுதி இந்தப் பலகையில் ஒட்டுகிறேன்.

வைத்திக்குப்பத்துப் பிள்ளைகளுக்கு மத்தியானம் பாலும் சோறும் கொடுக்க, நம் மாதர் சங்கம் சர்க்காரிடம் மானியம் கேட்கிறது அல்லவா? அந்த மனுவில் தாய்மார்களின் கைநாட்டு வாங்கப் போயிருந்தேன்.

மீன் விற்கும் அஞ்சலை, மை தொட்ட விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னா எழுதியிருக்கீங்க, படிங்க டீச்சரம்மா" என்றாள்.

படித்தேன். 'காரணம்: சத்துள்ள உணவு எது என்பது தாய்மார்களுக்குத் தெரியாது.'

அவள் கோபப்படவில்லை. "தெரியாமயா? காலையில உங்க வூட்டுக்குக் குடுத்தேனே வஞ்சிரம், அது சத்துதானே? அத வித்தாத்தான் எம் புள்ளைக்குக் கஞ்சி" என்றாள்.

அதைப் பேரம் பேசி வாங்கி, குழம்பு வைத்துத் தின்றவள் நான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அந்த வரியை அவள் முன்னாலேயே அடித்தேன். அதன் பிறகுதான் விரலை வைத்தாள்.

காரணம் என்ற கட்டம் இப்போது காலியாக இருக்கிறது. என்ன போடலாம் என்று கீழே எழுதுங்கள். ஆனால் எழுதுகிறவரே குப்பத்துக்கு வந்து அதைப் படித்துக் காட்டவேண்டும்.