கயிற்றின் கடைசி ஆள்

எங்கள் பெரியப்பாவின் தொந்தியைத் தெருவே சொந்தம் கொண்டாடியது. காணும் பொங்கலன்று அம்பத்தூரில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த மைதானத்தில் எங்கள் தெருவுக்கும் வெள்ளானூர்க்காரர்களுக்கும் கயிறு இழுக்கும் போட்டி நடக்கும். கயிற்றின் நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கடைசி ஆளாகப் பெரியப்பா குதிகாலை மண்ணில் ஊன்றிச் சாய்ந்துவிட்டால் போதும், எதிரே யார் இழுத்தாலும் அசைய மாட்டார். எனக்கு நினைவு தெரிந்து நாங்கள் தோற்றதே இல்லை. பள்ளிக்கூடத்தில் அந்தப் பெருமையில் பாதியை நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் தீபாவளி முடிந்த கையோடு, பாக்டரியிலிருந்து திரும்பும் வழியில், பெரியப்பா ஸ்டேஷன் பாலத்தின் படிகளில் பாதி ஏறி, மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இதயம் இந்தப் பாரத்தைத் தாங்காது, உடம்பைக் குறைத்தே தீர வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றைக்கே பெரியம்மா சோற்றுப்பானையைத் தன் காவலில் எடுத்துக்கொண்டாள். காலையில் கேழ்வரகுக் கூழ், ராத்திரி கோதுமை ரொட்டி, விடியற்காலையில் நடை. அரையாண்டு விடுமுறை விட்டதும் அவருக்குத் துணையாக நடக்கும் வேலை எனக்கு வந்தது.

மார்கழியில் ஒரு மனிதரை இளைக்கச் சொல்வதைப் போலக் கொடுமை வேறில்லை. பெருமாள் கோயிலைத் தாண்டும்போதெல்லாம் பிரசாதப் பொங்கலின் நெய்யும் மிளகும் மணக்கும். பெரியப்பா மூச்சை நன்றாக இழுத்து, "வாசனைக்கு ஒடம்பு ஏறாதில்ல?" என்று என்னைக் கேட்பார். வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வழில எங்கனா நின்னாரா?" என்பாள். பொங்கலுக்காக நின்றாரா என்றுதான் கேட்கிறாள் என்று நினைத்து, "கோயிலாண்ட கூட நிக்கல" என்று நான் பெரியப்பாவுக்காகப் பரிந்து பேசுவேன்.

விஷயம் தெருவுக்கு எட்டியது. ஒருநாள் காலையில் கயிறு இழுக்கும் ஆட்கள் தொன்னை நிறையப் பொங்கலோடு வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

"அண்ணாத்தே, இன்னா இப்டி கரைஞ்சிகினு போற? உன் இடுப்புலதான் தெரு மானமே கீது. காணும் பொங்கல் வரிக்கும் நல்லா துண்ணு, அப்பால இளைச்சிக்கலாம்."

பெரியப்பாவின் கை தொன்னைப் பக்கம் போனது. 'வாங்கிக்கோ பெரியப்பா' என்று நானும் மனசுக்குள் கெஞ்சினேன். பெரியம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"உங்க மானத்த வேற எவன் இடுப்புலனா கட்டுங்கப்பா. எனக்கு இந்த ஒரு ஆளுதான் கீறாரு."

வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனார்கள். பெரியப்பா கூழைக் குடித்தார்.

காணும் பொங்கலன்று அவர் தொளதொளத்த சட்டையோடு மைதானத்து ஓரத்தில் எங்களுடன் உட்கார்ந்திருந்தார். கயிறு வேறொருவர் இடுப்பில் இருந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் எங்கள் ஆட்கள் கோட்டைத் தாண்டிக் குப்புற விழுந்தார்கள். நான் தேம்பித் தேம்பி அழுதேன். பெரியப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பெரியம்மா மட்டும் சாவகாசமாகக் கரும்பு கடித்துக்கொண்டிருந்தாள். ஜென்மத்துக்கும் அவளோடு பேசக்கூடாது என்று முடிவு செய்தேன்.

வீடு திரும்ப அதே ஸ்டேஷன் பாலத்தைத்தான் ஏற வேண்டும். பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "காலை ஊனவே தெரிலயே அவனுக்கு" என்று புலம்பிக்கொண்டே, ஒரு படியிலும் நிற்காமல் ஏறினார். உச்சிக்குப் போனபிறகுதான் பெரியம்மா எங்களோடு வரவில்லை என்று தெரிந்தது. அவள் கீழ்ப்படியிலேயே நின்று, எங்களை அண்ணாந்து பார்த்தபடி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாக அவளுக்கும் தெரு தோற்ற வருத்தம் வந்துவிட்டது என்று நினைத்து, நான் அவளை மன்னித்துவிட்டேன்.