அருளானந்தத்தைக் கொடியில் காயப்போட்ட மதினி

வியாழக்கிழமை காலை, சட்டையை மாட்டிக்கொண்டு மதினி வீட்டுக்குப் புறப்பட்ட நேரத்தில் அவர்கள் மகன் செல்லில் கூப்பிட்டான். "சித்தப்பா, அம்மா போயிட்டாக" என்றான். செருப்புப் போட்ட காலோடு வாசலில் நின்றேன். முதலில் அழுகை வரவில்லை. கதை பாதியில் நிற்கிறதே என்றுதான் தோன்றியது.

முந்தின நாள் சாயங்காலம், துப்பறியும் அருளானந்தம் கொலைகாரனைப் பிடிக்க அரிசி ஆலைக்குள் நுழைகிற இடம்வரை சொல்லியிருந்தேன். "மிச்சத்த நாளைக்குச் சொல்லுங்க கொழுந்தனாரே. இன்னைக்கே முடிச்சுட்டா நாளைக்கு எதுக்கு எந்திரிக்க?" என்று மதினி சிரித்து அனுப்பிவைத்தார்கள்.

கதையைப் பாதியில் விடுவது மதினிக்கு ஆகாது. செத்தவனுக்கு ஒரு நியாயம் கிடைக்காமல் புத்தகத்தை மூடக்கூடாது என்பார்கள்.

பொன்னுத்தாய் மதினி என் அண்ணன் மனைவி. அச்சங்குளத்தில் பிறந்து, ஆனைக்குட்டம் பக்கம் எங்கள் ஊருக்கு வாழ வந்தவர்கள். எட்டாம் வகுப்புவரை படித்தவர்கள். எங்கள் குடும்பத்துக்குள் வந்த முதல் எழுத்து அவர்களோடுதான் வந்தது. எனக்கு இன்றைக்கும் எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, என் மகள் இதை எழுதுகிறாள்.

அப்போது எங்கள் தெருவே வெடிக்குக் குழாய் சுற்றியது. மருந்து கிடையாது, வெறும் காகிதக் குழாய். தாளில் பசை தடவி, கம்பியில் உருட்டி, காயவைத்துக் கொடுத்தால் ஏஜெண்ட் கம்பெனிக்கு எடுத்துப்போவார். காகிதம் பழைய பேப்பர் லோடில் வரும். பரீட்சைத்தாள், பஞ்சாங்கம், கலியாணப் பத்திரிகை எல்லாம் கலந்து கிடக்கும். விற்காமல் திரும்பிய மாத நாவல்களும் கிடக்கும். மதினி மூட்டையைக் கவிழ்த்ததும் அவற்றைத்தான் பொறுக்கி மடியில் வைத்துக்கொள்வார்கள்.

அவர்கள் வாசிக்க, நாங்கள் உருட்டுவோம். அவர்கள் பங்குக் குழாயையும் நாங்களே பிரித்துச் சுற்றிக் கொடுப்போம். வாசித்து முடித்த தாளைத்தான் கையில் கொடுப்பார்கள். காலையில் கேட்ட கொலை மத்தியானம் குழாயாகிவிடும். தீபாவளிக்கு அது எந்த ஊரில் வெடித்ததோ!

எங்களுக்குள் கட்சி உண்டு. நான் அருளானந்தம் கட்சி. அவருக்குத் தொந்தி, சர்க்கரை வியாதி, நாயைக் கண்டால் பயம். துப்பாக்கி கிடையாது, குடைதான். போலீஸ் எல்லாம் பிணத்தைச் சுற்றி நிற்கும்போது அவர் அடுப்படிக்குப் போய், ராத்திரி யார் சாப்பிடவில்லை என்று சமையல்காரம்மாவைக் கேட்பார். மதினிக்கு மஞ்சரி. ஸ்கூட்டரில் வந்து இறங்கி, பெற்ற தகப்பனைக்கூட நம்பாமல் விசாரிக்கிற பெண். பக்கத்து வீட்டு ஆவுடையம்மாளுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்ட கிரிதர்.

"அவன் என்னத்தத் துப்பறியுதான்? எல்லாரையும் சுட்டுப்போடுதான். மிஞ்சுதவன் கொலகாரன்" என்று மதினி சீண்டுவார்கள்.

"சுட்டாலும் மூக்கும் முழியுமா இருக்கான்லா. ஒங்க மஞ்சரிய எவன்க்கா கட்டுவான்?" என்பாள் ஆவுடை.

நான் அருளானந்தத்துக்குப் பரிந்து வாயைத் திறந்தால் போதும். "கொழுந்தனாருக்கு ஏத்த ஆளுதான். ரெண்டு பேருக்கும் சோறு எங்கன வேகுதுன்னு மட்டும் சரியாத் தெரியும்" என்று முடித்துவிடுவார்கள்.

ஒரு வருஷம் சீசன் உச்சத்தில் இருந்த நேரம். அன்றைய வாசிப்பில் அருளானந்தத்தை யாரோ ஆற்றுப் பாலத்திலிருந்து தள்ளிவிட்டார்கள். வெள்ளத்தில் அவர் குடை மட்டும் மிதந்து போகிறது. அந்த இடத்தில் பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் வந்து பார்த்தால் மீதிப் பக்கங்களைக் காணோம். எவரோ வாசித்த தாள் என்று நினைத்துச் சுற்றிவிட்டார்கள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. இல்லாத ஆள் செத்ததற்குப் பட்டினி கிடக்கிறான் என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். மதினி சிரிக்கவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு விசாரணையில் இறங்கினார்கள்.

யார் எடுத்தது என்று ஒருவரையும் கேட்கவில்லை. காய்ந்த குழாய்களைக் கையில் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். நாவல் தாள் மட்டும் மஞ்சளாய் மங்கியிருக்கும். அந்த மஞ்சள் குழாய்களில் தாள் மற்றவர்கள் சுற்றியதற்கு எதிர்ப்பக்கமாய்த் திரும்பியிருந்தது. எங்கள் கூட்டத்தில் இடதுகைக்காரி ஒருத்திதான்.

"ஏட்டி ஆவுடை, ஒன் கிரிதரா இருந்தா இந்நேரம் எங்க எல்லாரையும் சுட்டிருப்பான்" என்றார்கள். ஆவுடை தலை குனிந்தபடியே சிரித்துவிட்டாள்.

அதற்குள் முக்கால்வாசிக் குழாயை மூட்டையில் கட்டி, ஏஜெண்ட் வண்டியில் ஏற்றியாயிற்று. அவரோ ஆர்டர் அவசரம், மூட்டையைப் பிரிக்க விடமாட்டேன் என்று நின்றார். மதினி வண்டிக்கு முன்னால் போய் நின்றார்கள்.

"அண்ணாச்சி, மூட்டைக்குள்ள ஒரு ஆளு கெடக்காரு. உசுரு இருக்கா போயிட்டான்னு பாத்துட்டு அனுப்பிவைக்கோம்."

ஏஜெண்ட் வண்டியிலிருந்து குதித்தேவிட்டார். விஷயம் புரிவதற்குள் மூட்டை தரையில் கிடந்தது.

மஞ்சள் குழாய்களை மட்டும் பொறுக்கித் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்தோம். பசை இளகியதும் மதினி கிழியாமல் உரித்து, பக்க எண்ணைப் பார்த்து வரிசையாகத் துணிக்கொடியில் போட்டார்கள். பிறகு கொடியோரமாக நடந்துகொண்டே வாசித்தார்கள். அவர்கள் ஒரு எட்டு வைத்தால் நாங்களும் ஒரு எட்டு வைத்தோம். ஈரத்தாள் காற்றில் புரளும்போது ஏஜெண்ட்தான் ஓடிப்போய் ஓரத்தைப் பிடித்தார். ஆர்டரை மறந்துவிட்டார்.

பாலத்தூணில் தொற்றிக்கொண்டு அருளானந்தம் பிழைத்துக் கிடந்தார் என்ற வரி வந்ததும் நான் போட்ட சத்தத்தில் தெருநாய்கள் குரைத்தன. "சத்தம் போடாதீக. நாய்னா அவருக்குப் பயம், திரும்ப ஆத்துல விழுந்துருவாரு" என்றார்கள் மதினி.

கடைசி நாலு வருஷமாக அவர்களுக்குக் கண் மங்கிவிட்டது. டிவி பிடிக்காது. முகத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டாலே கொலைகாரன் தெரிந்துபோகிறது என்பார்கள். அதனால் அவர்கள் வாசித்து நான் கேட்ட கதைகளை, நினைவிலிருந்து நான் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தேன். ஒரு வரி விட்டாலும் பிடித்துவிடுவார்கள். மஞ்சரி கதையைக் கொஞ்சம் ஓட்டிச் சொன்னால், "ஸ்கூட்டருக்கு அம்புட்டு வேகம் கெடையாது, மெதுவாப் போங்க" என்பார்கள். கடைசியாகக் கேட்டது அந்தக் கொடியில் காய்ந்த கதையைத்தான்.

வியாழக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது கூடம் நிறைய ஆட்கள். மதினியின் தலைமாட்டில் ஆவுடையம்மாள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒப்பாரியை நிறுத்தி, "நேத்து எங்கன நிறுத்துனீக?" என்று கேட்டாள். அரிசி ஆலை என்றேன். "அப்பம் மிச்சத்தச் சொல்லுங்க. அக்காவ அந்த ஆலை வாசல்லயா விட்டுட்டுப் போவீக?"

அவர்கள் மகனைப் பார்த்தேன். அவன் நாற்காலியை எடுத்துப் போட்டான்.

சொன்னேன். மதினியின் காதுப்பக்கம் குனிந்துதான் தொடங்கினேன். பின்னால் இருந்தவர்கள் கேட்கவில்லை என்றதால் சத்தமாகச் சொன்னேன். அருளானந்தம் ஆலைக்குள் எல்லாரையும் வரிசையாக நிறுத்துகிறார். வெள்ளத்தில் குடை மிதந்த சங்கதியை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அங்கே ஒருவன், "குடை மட்டும் போச்சே, பாவம்" என்று முன்பே வருத்தப்பட்டிருக்கிறான். யாராக இருக்கும் என்று நிறுத்தினேன். கூடத்தில் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து வந்தார்கள்.

"டாக்டர்தான்" என்றாள் ஆவுடை உறுதியாக.

"கணக்கப்பிள்ளை" என்றேன்.

"இம்புட்டு வருசம் கழிச்சும் என்னைய ஏமாத்திட்டானே" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கேதவீடு என்பதை மறந்து அத்தனை பேரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் நான் எழுந்தேன்.

"கதை முடிஞ்சிட்டு மதினி. போயிட்டு வாங்க."