மார்க்கு வேண்டாம், மகளைக் கொடு

என் மகளை நானே தொலைத்துவிட்டேன் என்று நினைத்த ஒரு நாள் உண்டு. அந்த நாளைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு ஜவ்வாது மலையில், காவலூரைத் தாண்டி ஒரு சிற்றூர். சாமை விதைக்கிறோம், புளி உலுக்குகிறோம். மகள் சந்தியா அப்போது ஒன்பதாம் வகுப்பு. சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் உட்காரமாட்டாள். பாதிக் கணக்கில் எழுந்து போய்விடுவாள். படிப்புக்கென்று வாங்கிய செல்போனில் துப்பாக்கி விளையாட்டு புகுந்ததும் சோறுகூட மறந்துபோனது. வீட்டில் சிக்னல் கிடைக்காது. ஊருக்கு மேலே இருக்கும் பாறையில் ஏறி உட்கார்ந்து விளையாடுவாள்.

போன தை மாதம் அரையாண்டு மார்க் வந்தது. நான்கு பாடங்களில் ஃபெயில். புளிய விளாரால் அடித்தேன். செல்போனைக் கல்லில் போட்டு உடைத்தேன். "நீ எனுக்குப் பொண்ணே இல்ல" என்றும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் பள்ளிக்குப் புறப்பட்டவள் அங்கே போய்ச் சேரவில்லை. மதியம் டீச்சரே வண்டியில் வந்து கேட்டார். கணவர் காட்டுப் பக்கம் ஓடினார். நான் காளியம்மன் கோயில் வாசலில் விழுந்தேன். எத்தனையோ வெள்ளிக்கிழமை மார்க் கேட்டு வேண்டியவள் நான். அன்று, "தாயே, மார்க்கு வாணாம். எம் பொண்ண மட்டும் குடு. இனிமே கை ஓங்க மாட்டேன்" என்று அழுதேன்.

பொழுது சாய்வதற்குள் கணவர் அவளைக் கூட்டிவந்தார். ஓடைக்கு அப்பால் தனியாக உட்கார்ந்திருந்தாளாம். கட்டிக்கொண்டேன். ஏன் போனாய் என்று நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள்.

"புக்கத் தொறந்தா எழுத்து நிக்க மாட்டேங்குதும்மா. கேம்ல மட்டுந்தான் மனசு நிக்குது. நான் இன்னா பண்றது?"

இத்தனை வருடத்தில் ஒரு நாளும் நான் அவளிடம், ஏன் படிக்க முடியவில்லை என்று கேட்டதில்லை.

அதுவரை எங்களோடு காத்திருந்த டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இது திமிரு இல்லீங்க. டாக்டர் கிட்ட காட்டலாம். நானும் வர்றேன்" என்றார். மலையிறங்கிப் போனோம். கவனம் ஒன்றில் நிலைக்காத குறைபாடு, விளையாட்டு அதை இன்னும் கூட்டிவிட்டது என்றார் டாக்டர். இப்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து புளி தட்டுவேன். அவள் கால் மணி நேரம் படிப்பாள், எழுந்து நடப்பாள், மறுபடி வருவாள். விளையாட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும், அப்பா செல்போனில். அதற்கும் சில நாள் அழுகை உண்டு. நான் கை ஓங்குவதில்லை.

முழுப் பரீட்சையில் கணக்கைத் தவிர எல்லாவற்றிலும் தேறினாள். வேண்டாம் என்றவளுக்கு அம்மன் மார்க்கும் கொடுத்தாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் அம்மனிடம் போய் அழுங்கள். அவள் கேட்பாள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளை சொல்வதை நீங்கள் கேளுங்கள். எனக்கு அம்மன் சொன்ன பதில் என் மகளின் வாயிலிருந்துதான் வந்தது.