இரண்டு கூடைகளும் ஒரு பிடி செத்தல் மிளகாயும்

மூன்று வருடங்களுக்கு முன் மொன்றியலில், ஓர் ஈஸ்டர் ஞாயிறு காலையில் தொடங்கி மறுநாள் மாலையில் முடிந்த கதை இது. முடிந்தது என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன்.

பார்க் எக்ஸ்டென்ஷனில், வெளிப்புறம் இரும்புப் படிக்கட்டு வைத்த பழைய வீடொன்றின் கீழ்த்தளத்தில் நாங்கள் இருக்கிறோம். மேல்தளத்தில் என் கணவரின் தம்பி குடும்பம். அவர்களுக்கு அப்போது ஐந்து வயதில் ஒரு மகன், மூன்றரை வயதில் ஒரு மகள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி மருத்துவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள், நான் வேறு எழுத வேண்டியதில்லை. மேலே இருக்கும் இருவருக்கும் நான் பெரியம்மா. அவர்களின் தாய்க்கு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை, நேரம் மாறி மாறி வரும். அவள் வேலைக்குப் போகும்போதெல்லாம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது நான்தான். எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயரே 'பிள்ளை பாக்கிறது'.

ஈஸ்டருக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நாங்கள் சைவ சமயக்காரர்தான். ஆனால் கார்டெரி என்று இங்கே சொல்லும் பாலர் பராமரிப்பு நிலையத்துக்கு அது தெரியுமா? ஒரு வருடம் பெரியவன் அங்கிருந்து அழுதுகொண்டு வந்தான். எல்லோர் வீட்டுக்கும் முயல் சொக்லேட் கொண்டுவருகிறதாம், எங்கள் வீட்டுக்கு மட்டும் அதற்கு வழி தெரியவில்லையாம். அவன் அழுதால் எனக்குத் தாங்காது. அந்த வருடமே நான் முயலாகிவிட்டேன்.

எனக்கு ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை. கைப்பிடி வைத்த சின்னக் கூடைகளில்தான் அங்கே தக்காளி விற்போம். இலையுதிர் காலத்திலேயே கறை படாத இரண்டைப் பொறுக்கி அலுமாரிக்கு மேலே வைத்துவிடுவேன். பனி உருகத் தொடங்கியதும் அவற்றைக் கீழே இறக்குவேன். அடியில் பச்சைக் கடதாசிப் புல். அதன் மேல் ஒரு சொக்லேட் முயல், நிறத்தாள் சுற்றிய முட்டைகள், சோப்புக் குமிழி ஊதும் போத்தல், நடைபாதையில் படம் கீற நிறச் சோக்கு. இரண்டு கூடையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒருவருக்கு ஒரு முட்டை கூடினாலும் வீடு இரண்டுபடும். சின்னவளுக்குக் கச்சான், அதாவது நிலக்கடலை, ஒத்துக்கொள்ளாது. அதனால் ஒவ்வொரு சொக்லேட் மட்டையிலும் இருக்கும் பிரெஞ்சை எழுத்துக் கூட்டி வாசித்த பிறகுதான் கூடைக்குள் வைப்பேன். பெற்றவள்கூட சிலவேளை மறந்துபோவாள். நான் மறந்ததில்லை.

அந்த ஞாயிறு கூடைகளோடு மேலே போனேன். பிள்ளைகள் இருவரும் கூடைக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். சின்னவள் மஞ்சள் சட்டை போட்டிருந்தாள். முயலைத் தூக்கிக்கொண்டு அவள் ஒரு சுற்றுச் சுற்றியபோது எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

"என்ன வடிவு என்ர பிள்ளை" என்றேன்.

அவளின் தாய் சிரித்தாள். தேத்தண்ணி போட்டுத் தந்தாள். நான் எழும்பும்போது, "அக்கா, செத்தல் மிளகாய் கொஞ்சம் இருக்குமோ? எங்கட முடிஞ்சு போச்சு" என்று கேட்டாள்.

"அதுக்கென்ன, மகனை என்னோட அனுப்பும்."

கீழே வந்து, டின்னுக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பெரியவனிடம் கொடுத்தேன். நன்றாகக் காய்ந்த மிளகாய், ஊரிலிருந்து வந்தது. கொஞ்ச நேரத்தில் மேலே புகை அலாரம் கத்தத் தொடங்கியது. இது எனக்குப் பழகிய சத்தம். நான் மேலே போய்விட்டு வரும் நாட்களில் அநேகமாக அது கத்தும். அவளுக்குச் சமையல் வராது என்று நான் கேலி செய்வது வழக்கம்.

"உங்கட தம்பி பெண்சாதி திரும்பவும் எதையோ கருக்கிப்போட்டா" என்று கணவரிடம் சொன்னேன். அவர் போனிலிருந்து தலையை எடுக்கவில்லை.

மறுநாள் ஈஸ்டர் திங்கள், விடுமுறை. கார்டெரி பூட்டு, அவளுக்கோ வேலை. வழக்கம்போல் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். நான் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். இருவரும் குசினித் தரையில் ஒரு துணிக்கரடியை வைத்து விளையாடினார்கள். சின்னவள் ஒரு கரண்டியைக் கரடிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். "பொன்ஜூர், பெரியம்மா வந்திருக்கிறன்" என்றது கரண்டி. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கரண்டி பை-பை சொல்லிவிட்டு மேசைக்கு அடியில் போனது. உடனே சின்னவள் கையைப் பொத்திப் பிடித்து, கரடியின் தலையைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுவந்து, தூ தூ தூ என்று துப்பி, கையை அடுப்புப் பக்கமாக உதறினாள். பெரியவன் காதுகளைப் பொத்திக்கொண்டு, "பீப் பீப் பீப்" என்று கத்தினான்.

என் கை மாவுக்குள்ளேயே நின்றுவிட்டது. எங்கள் ஆட்களில் அந்தக் கைச் சுற்று தெரியாதவர்கள் யார்? நாவூறு கழிக்கிறார்கள். கண் பட்டுவிட்டால், செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துப் பிள்ளையின் தலையைச் சுற்றி நெருப்பில் போடுவது. என் அம்மா எனக்குச் செய்திருக்கிறாள். இந்தச் சின்னவள் பிறந்தபோது, கண் படாதிருக்கக் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்துவிட்டதே நான்தான்.

"இது என்ன விளையாட்டு ராசா?" என்று பெரியவனைக் கேட்டேன்.

"நீங்கள் போனாப் பிறகு அம்மா செய்யிறவா."

"ஒவ்வொரு நாளுமோ?"

அவன் யோசித்தான். நேர்மையான பிள்ளை, ஒன்றையும் கூட்டிச் சொல்லமாட்டான். "இல்லை. நீங்கள் வடிவு எண்டு சொன்னா மட்டும்."

கேட்காமல் விட்டிருக்கலாம். ஆனால் வாய் நிற்கவில்லை. "முயலைச் சாப்பிட்டியளோ?" என்றேன்.

"நோன்" என்றாள் சின்னவள். "அம்மா பூபெல்ல போட்டவா. கூடையும்."

பூபெல் என்றால் குப்பை வாளி. சந்தையில் தினமும் நூறு தரம் கேட்கும் சொல்.

அன்று பிள்ளைகளுக்குப் புட்டு அவித்துக் கொடுத்தேன், வாழைப்பழம் பிசைந்து ஊட்டினேன், சின்னவளைத் தோளில் போட்டு நித்திரையாக்கினேன். அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. மேலே கேட்ட ஒவ்வொரு அலாரமும் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. இவளுக்குச் சமைக்கத் தெரியாது என்று எத்தனை பேருக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். என் கண்ணைக் கழிப்பதற்கு என் வீட்டு மிளகாயையே அள்ளிக் கொடுத்திருக்கிறேன்.

மாலையில் அவள் வந்தாள். பிள்ளைகள் சப்பாத்துப் போடும்போது நான் நேரே கேட்டேன்.

"என்ர கண் பட்டுது எண்டு நினைக்கிறீரோ?"

அவள் முகம் சிவந்தது. "அப்பிடி இல்லை அக்கா. போன வருசம் நீங்கள் தந்ததைச் சாப்பிட்டிட்டுத்தானே இவ சத்தி எடுத்தவா."

"முழு முயலையும் ஒரேயடியாச் சாப்பிட்டா ஆருக்கும் வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும்."

"எனக்கும் தெரியும் அக்கா. என்ர அம்மாதான் போன்ல சொன்னவா, பிள்ளை இல்லாத ஆக்கள் ஆசைப்பட்டுப் பாத்தா…" அவள் குனிந்து மகளின் ஜக்கெட்டுக்குச் சிப் இழுத்தாள். பிறகு, குனிந்தபடியே, "நாளைக்கு எனக்குப் பின்னேர வேலை. பிள்ளையளைப் பாப்பியளோ?" என்று கேட்டாள்.

 இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சின்னவள் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஓம்" என்றேன்.

அன்று கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "தம்பி போன வருசமே சொன்னவன். உமக்குச் சொன்னா நோகும் எண்டு விட்டிட்டன்" என்றார். அவள் செய்ததைவிட இதுதான் எனக்கு அதிகம் நொந்தது. ஒரு வருடமாக, நான் அந்தக் கூடைகளுக்குக் கடதாசிப் புல் பரப்புவதை இந்த மனிதர் தெரிந்துகொண்டே பார்த்திருக்கிறார்.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்பார்கள். கண்ணடி பட்டவருக்கு மிளகாய் சுற்றலாம். கண் போட்டவள் என்று பேர் வாங்கியவளுக்கு எதைச் சுற்றுவது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

இப்போதும் பிள்ளைகளைப் பார்ப்பது நான்தான். ஈஸ்டர் கூடை கட்டுவதில்லை. முயல் என்று ஒன்று வருவதில்லை என்பது பெரியவனுக்குத் தெரிந்துவிட்டது. சின்னவள் மட்டும், முயலுக்கு வழி மறந்து போச்சோ என்று கேட்டாள். ஓம், மறந்து போச்சு என்றேன். மேலே அலாரம் கேட்டால் என் கணவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுகிறார். போன கிழமை சின்னவள் பள்ளிக்கூட விழாவுக்குப் புதுச் சட்டை போட்டு, படியிறங்கி ஓடிவந்து என் முன்னால் சுற்றிக் காட்டினாள். "வடிவா, பெரியம்மா?" என்றாள். நான் குனிந்து அவளின் சப்பாத்து நாடாவைக் கட்டத் தொடங்கினேன். நேரம் போகுது, வெளிக்கிடு என்றேன். அவள் முகம் சுருங்கி மேலே ஏறிப் போனாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என் கண் வேண்டும், பார்த்துச் சந்தோஷப்பட மட்டும் கூடாது என்கிறார்கள். இருக்கிற இரண்டு கண்ணில் எதை மூடிக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.